சித்திரைக்கு ஒரு சட்டை, ஐப்பசிக்கு ஒரு சட்டை

ஆண்கள் பேஷனின் பஞ்சாங்கம் நம்முடையது இல்லை. இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்தில் பிட்டி உவோமோ என்ற ஆண்கள் உடைச் சந்தை ஜனவரியில் ஒருமுறை, ஜூனில் ஒருமுறை கூடும். அதை ஒட்டி மிலனிலும் பாரிஸிலும் அணிவகுப்புகள் நடக்கும். ஜனவரியில் காட்டுவது வரப்போகும் குளிர்காலத்துக்கு. ஜூனில் காட்டுவது அடுத்த ஆண்டுக் கோடைக்கு. அங்கே கிளம்பும் ஓவர்கோட்டும் கம்பளிச் சட்டையும் நாலு கை மாறி, டிசம்பரில் நம் ஊர் மால் கண்ணாடிக்குள் தடித்த ஹூடியாக வந்து நிற்கின்றன. சென்னையில் ராத்திரி வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே மறுநாள் பேப்பரில் செய்தி வரும். கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைக்கு மட்டும் நன்றாகக் குளிர்கிறது.

நம் ஊர் ஆம்பளைக்கு வாய்த்த பருவங்கள் வேறு. மாசிக் கடைசியில் தொடங்கி புரட்டாசி வரை இழுக்கும் புழுக்கம், ஐப்பசி கார்த்திகை மழை, மார்கழி தையில் மூச்சுவிடக் கொஞ்சம் அவகாசம். இவை எல்லாவற்றுக்கும் குறுக்கே வருடம் முழுக்க ஓடும் ஆபீஸ் ஏசி. நான் துணி வாங்குவது இந்தக் கணக்கில்தான். நான் சென்னைக்காரன். கோவைக்காரர்களும் ஊட்டிக்காரர்களும் அவரவர் ஊருக்குத் தக்கபடி திருத்திக்கொள்ளுங்கள்.

முதலில் புழுக்கம். வறண்ட ஊரில் 40 டிகிரி வெயில் அடித்தாலும் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். காயும்போது உடம்பையும் குளிர்விக்கும். கடலோரத்தில் காற்றே ஈரத்தைச் சுமந்துகொண்டிருப்பதால் வியர்வை போக இடமில்லாமல் முதுகிலேயே வழிகிறது. அதனால் இங்கே சட்டைத் துணிக்கு இரண்டு வேலை: ஈரத்தை இழுத்துக்கொள்ள வேண்டும், காற்றுக்கும் வழிவிட வேண்டும். நூல் எவ்வளவு ஈரம் இழுக்கும் என்பதற்கு ஜவுளித் தொழிலில் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். காற்றில் 65 சதவீத ஈரப்பதம் இருக்கும்போது ஒரு நூல் தன் உலர்ந்த எடையில் எத்தனை சதவீதம் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது என்பது கணக்கு. பருத்திக்கு அது சுமார் 8. லினனுக்கு 12 வாக்கில். விஸ்கோஸ் ரேயானுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். பாலியஸ்டருக்கு அரை சதவீதம்கூடத் தேறாது. மே மாதம் பஸ்ஸில் போகும்போது பாலியஸ்டர் கலந்த சட்டை ஏன் தோலோடு ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

கடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள். "காட்டன் ரிச் சார்", "லினன் ஃபீல் சார்" என்பார்கள். ரிச் என்றால் பருத்தியோடு வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது. ஃபீல், லுக் என்றெல்லாம் வால் ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் அந்தத் துணியே இல்லை. சட்டையின் உள்பக்கம், இடுப்போரத் தையலில் தொங்கும் சின்னப் பட்டியைப் புரட்டிச் சதவீதத்தைப் பாருங்கள். வெட்டி வாங்கும் துணி என்றால் ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவித் தீக்குச்சி காட்டினால் தெரிந்துவிடும். பருத்தியும் லினனும் காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான உருண்டையாகும். கடைக்குள்ளேயே கொளுத்த வேண்டாம், வெளியே வந்து பாருங்கள்.

"அப்போ ஜிம் பனியனெல்லாம் பாலியஸ்டர்தானே?" என்று ஒரு நண்பர் மடக்கினார். சரிதான். அந்தத் துணி ஈரத்தை உறிஞ்சாது, மேற்பரப்புக்குக் கடத்தும். அங்கிருந்து காற்று அதைக் காயவைக்க வேண்டும். ஓடும்போதும் ஃபேனுக்கு அடியிலும் அது நன்றாகவே வேலை செய்யும். சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டுப் பச்சைக்குக் காத்திருக்கும்போது செய்யாது.

அடுத்தது கனம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதை ஜிஎஸ்எம் என்கிறார்கள். ஆன்லைனில் ஓவர்சைஸ் டி-ஷர்ட் விற்பவர்கள் 220, 240 ஜிஎஸ்எம் என்று பெருமையாகப் போடுகிறார்கள். துணி கனமாக விழும், போட்டோவில் அழகாக நிற்கும், உண்மைதான். கத்திரி வெயிலில் அது கொடுமை. தினசரி டி-ஷர்ட்டுக்கு 160 முதல் 180 போதும். சட்டைக்கு 110, 120 வாக்கில் பாப்லின் எடுக்கலாம். அதைவிடத் தடித்த ஆக்ஸ்ஃபோர்டு துணியை மார்கழிக்கு வைத்துக்கொள்ளலாம். லினன் 150க்கு மேல் இருந்தாலும் பரவாயில்லை, அதன் நெசவு இளக்கமானது, காற்று போகும். அது கசங்கத்தான் செய்யும், அதைப் பார்த்துப் பதறுபவர்கள் அதை வாங்கக் கூடாது. விலைக்கும் காரணம் உண்டு. லினனுக்கான ஆளிச் செடி நாரில் பெரும்பங்கு பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து கடற்கரைப் பகுதிகளிலிருந்துதான் உலகத்துக்கே போகிறது. அந்த விலை கட்டுப்படியாகாவிட்டால் கைத்தறிப் பருத்தி இருக்கிறது. 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸில் சட்டைத் துணி பக்கம் ஆள் குறைவாகத்தான் இருக்கும். எல்லாரும் புடவைப் பக்கம் நிற்பார்கள். நிதானமாகப் பார்த்து எடுக்கலாம்.

இனி பேஷன். இத்தனை வருடத்தில் முதல்முறையாக, உலகத்தில் ஓடும் பேஷன் நம் வெயிலுக்குப் பொருந்தி வந்திருக்கிறது. எனக்கு இதில் உண்மையாகவே சந்தோஷம். 2010களில் நம்மைப் படுத்திய ஸ்லிம் ஃபிட்டை யோசித்துப் பாருங்கள். தொடையோடு ஒட்டிய பேண்ட், உட்கார்ந்தால் பொத்தானுக்கு நடுவே வாய் திறக்கும் சட்டை, எல்லாவற்றிலும் லைக்ரா. தோலுக்கும் துணிக்கும் இடையே காற்று ஓட இடமே கிடையாது. படர்தாமரைக்காகத் தோல் டாக்டரிடம் போனவர்களுக்கெல்லாம் கிடைத்த முதல் அறிவுரை, இறுக்கமான துணியை விடுங்கள் என்பதுதான். இப்போது பேண்டுக்கு பிளீட் என்ற இடுப்பு மடிப்பு திரும்பியிருக்கிறது, இடுப்பு மேலே ஏறியிருக்கிறது, சட்டை இடுப்புக்கு வெளியே தொளதொளவென்று விழுகிறது. காலர் திறந்தே தைத்த கியூபன் காலர் சட்டையைப் பார்த்துப் பையன்கள் மயங்குகிறார்கள். நம் அப்பா, தாத்தா தலைமுறை இன் பண்ணாமல் போட்ட ஸ்லாக் சட்டைக்கு மிக நெருங்கிய சொந்தம் அது. பழைய ஆல்பத்தைப் புரட்டினால் மாதிரி கிடைத்துவிடும்.

என்னுடைய தையற்காரர் பாய்க்கு இதில் தனி மகிழ்ச்சி. 70களின் பெல்பாட்டம், 90களின் பேகி, அப்புறம் நேரோ எல்லாம் தைத்து முடித்தவர். பேண்ட் துணியோடு போனால் முதல் கேள்வி, "பாட்டம் எவ்வளவு தம்பி, பதினாறு வைக்கவா?" என்பதுதான். சில வருடம் முன்பு இதே வாயால் பதின்மூன்று என்று கேட்டவர். பாட்டம் என்பது பேண்டின் கால் வாய்ச் சுற்றளவு. என் சிபாரிசு 16 அங்குலம். 18க்கு மேலே போனால் மழையில் தெருவைக் கூட்டும், அடுத்த பேஷன் மாறும்போது கேலிக்கும் ஆளாவீர்கள். ஒற்றை பிளீட் போதும். தொப்பை இருப்பவர்கள் பிளீட்டைப் பார்த்துப் பயப்படுவார்கள், தேவையில்லை. இடுப்பைத் தொப்புள் உயரத்துக்குக் கிட்டத்தில் வைத்துத் தைத்தால் தொப்பை பேண்டுக்குள் அடங்கும். லோ வெயிஸ்ட்டில்தான் அது பெல்ட்டுக்கு மேலே எட்டிப் பார்க்கும். துணி வாங்கும்போது பன்னாவை, அதாவது துணியின் அகலம் எத்தனை அங்குலம் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். 58 பன்னாவில் பேண்டுக்கு 1.20 மீட்டர் என்பது கடைக்காரர் கணக்கு. பிளீட்டும் லூஸும் வேண்டுமென்றால் 1.30, 1.40 எடுப்பது நல்லது. 36 பன்னா கைத்தறி என்றால் முழுக்கைச் சட்டைக்கு இரண்டரை மீட்டர்.

இந்தத் தொளதொள காலம் இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் இப்போதே நல்ல பருத்தியில் நாலு பேண்ட் தைத்து வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்பேன். மறுபடி இறுக்கம் வந்தால் வரட்டும், நமக்கு நாற்பது வயதுக்கு மேலே கேட்க யார் இருக்கிறார்கள்?

கட்டம் போட்ட சட்டையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேசியே ஆகவேண்டும். அமெரிக்காவில் ஒவ்வொரு கோடைக்கும் ஆண்கள் கடைகளில் மெட்ராஸ் என்ற பெயரில் ஒரு துணி வந்துவிடும். பல நிறத்தில், ஒழுங்கில்லாமல் ஒன்றை ஒன்று வெட்டும் கட்டங்கள், மெல்லிய பருத்தி. நம் ஊர்க் கைத்தறிதான். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலிருந்தே சென்னையைச் சுற்றியும் ஆந்திரக் கரையிலும் நெய்து கப்பலேற்றிய துணி. சதுரக் கைக்குட்டை அளவில் கரை போட்டுத் தொடர்ச்சியாக நெய்ததால் ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப் என்றே ஏற்றுமதிக்காரர்கள் சொன்னார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் இதற்குப் பெரிய சந்தை இருந்தது. நைஜீரியாவின் கலபாரி மக்கள் இதை இஞ்சிரி என்று அழைத்து, பிறப்பு முதல் இறப்பு வரை எல்லாச் சடங்கிலும் வைத்துக்கொண்டார்கள்.

அமெரிக்காக் கதை வேடிக்கையானது. பழைய சாயங்களில் நெய்த இந்தத் துணி தண்ணீரில் போட்டால் சாயம் விடும், ஒரு நிறம் இன்னொன்றில் இறங்கும். வாங்கியவர்கள் கோபப்பட்டார்கள். விளம்பரக்காரர்கள் அதையே பெருமையாக்கி, சாயம் போவதற்கு உத்தரவாதம் என்று விற்றார்கள். 1960களில் கல்லூரிப் பையன்கள் சாயம் மங்க மங்கத்தான் அழகு என்று தேடி வாங்கினார்கள். நம் வீட்டில் சாயம் போனால் அம்மா கடைக்காரனை என்ன திட்டு திட்டியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அப்படிப்பட்ட துணியை அதன் பெயரிலேயே இருக்கும் ஊரில் நாம் லுங்கித் துணி என்று ஒதுக்கிவைத்திருக்கிறோம். எனக்கு இது வருத்தம். சட்டைக்குக் கோடைக்காலத்தில் இதைவிடப் பொருத்தமான துணி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மெல்லியது, காற்று போகும், வியர்வைக் கறை கட்டத்துக்குள் தெரியாது, இஸ்திரி இல்லாவிட்டாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். அரைக்கை, திறந்த காலர், ஒரு பாக்கெட். கீழே சந்தனக் கலரிலோ கருநீலத்திலோ ஒற்றை நிற பேண்ட். கட்டச் சட்டைக்குக் கோடு போட்ட பேண்ட் மட்டும் வேண்டாம். முன்பக்கத்தில் பொத்தான் பட்டிக்கு இரண்டு பக்கமும் கட்டம் ஒன்றோடொன்று சேர வேண்டும் என்று தைக்கக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். நல்ல கைகாரர்கள் பாக்கெட்டையும் சேர்த்துவிடுவார்கள். அதற்குத் துணி கால் மீட்டர் கூடுதலாகும்.

நிறத்தைப் பற்றிக் கேட்டால் வெயில் காலத்தில் நான் ஒரு நிறத்தை மட்டும் தடை செய்வேன்: வெளிர் சாம்பல். அதில் ஒரு சொட்டு வியர்வைகூடக் கையெழுத்துப் போட்டுவிடும். இளநீலமும் கிட்டத்தட்ட அதே ரகம். வெள்ளையிலும் கருநீலத்திலும் ஈரம் அவ்வளவாகத் தெரியாது. வெள்ளைச் சட்டைக்கு உள்ளே வெள்ளைப் பனியன் போடுவதுதான் வழக்கம். அதன் விளிம்பு பளிச்சென்று தெரிகிறது. தோலின் நிறத்துக்கு நெருங்கிய பழுப்பிலோ சாம்பலிலோ போட்டுப் பாருங்கள், தெரியாது. கருப்பாக இருப்பவர்களிடம் "இந்தக் கலர் உங்களுக்கு எடுக்காது சார்" என்று வெளிர் நிறங்களையே விரித்துப் போடும் சேல்ஸ்மேன்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அரக்கு, கடுகு மஞ்சள், ராமர் பச்சை எல்லாம் நம் தோலில் நிற்கிற மாதிரி வெளுத்த தோலில் நிற்பதில்லை. பான்டோன் நிறுவனம் 2025க்கான நிறமாக ஒரு காப்பிப் பழுப்பை அறிவித்தது. 2026க்கு அறிவித்தது ஒரு வகை வெள்ளை. நம் கட்சிக்காரர்கள் எத்தனை வருடம் முன்னால் இருக்கிறார்கள் பாருங்கள்.

மழைக்காலத்தில் மேலே சொன்ன பாதியைத் தலைகீழாக்க வேண்டும். ஈரத்தை நன்றாக இழுக்கும் துணி அதை லேசில் விடாது. வடகிழக்குப் பருவமழையில் நனைந்த 12 அவுன்ஸ் கனமுள்ள ஜீன்ஸ் வீட்டுக்குள் கொடியில் இரண்டு நாள் தொங்கும், மூன்றாம் நாள் ஊசல் வாடை வரும். இந்த இரண்டு மாதம் மட்டும் நைலானோ பாலியஸ்டரோ கலந்த மெல்லிய பேண்டுக்கு நான் விரோதி இல்லை. சீக்கிரம் காயும். நீளம் கணுக்காலோடு நிற்கட்டும். நிறம் ஆலிவ் அல்லது காக்கி, முட்டுக்காட்டில் இருந்து மாதவரம் வரை எல்லாச் சாலைச் சேறும் அந்த நிறத்தில் கரைந்துவிடும். லெதர் ஷூவை ஐப்பசி முதல் தேதியே துடைத்து, உள்ளே பேப்பர் திணித்து, காற்று படும் அலமாரியில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் தையில் பூஞ்சையோடுதான் வெளியே வரும். உள்ளாடை மட்டும் எந்தப் பருவத்திலும் பருத்தியாகவே இருக்கட்டும், ஈரமாக இருந்தால் போடவே வேண்டாம்.

மார்கழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அதிகாலை நடைக்கு முழுக்கை டி-ஷர்ட் போதும், குரங்குக் குல்லா உங்கள் மனசாட்சிக்கு விட்டது. சென்னைக்காரனின் நிஜக் குளிர்காலம் ஆபீஸுக்குள் இருக்கிறது. வெளியே 38, உள்ளே யாரோ ஒருவர் 20இல் வைத்துவிட்டுப் போன ஏசி. இதற்கு ஹூடி தேவையில்லை. ஓவர்ஷர்ட் என்று இப்போது விற்கிறார்களே, கொஞ்சம் கனமான பருத்தியில் முழுக்கைச் சட்டை மாதிரி, அதுதான் சரியான விடை. நாற்காலி முதுகில் போட்டு வைக்கலாம், மீட்டிங் வந்தால் போட்டுக்கொள்ளலாம், வீட்டுக்குச் சுமக்க வேண்டியதில்லை. கருநீலத்தில் ஒன்று இருந்தால் எந்தச் சட்டைமேலும் போகும்.

கல்யாண சீசன் தனிக் கொடுமை. வைகாசி முகூர்த்தம், மண்டபத்தில் ஏசி பாதி ஓடும், மாப்பிள்ளை ரிசப்ஷன் மேடையில் மூன்று மணி நேரம் கோட்டு சூட்டில் நிற்பார். அந்தக் கோட்டு பெரும்பாலும் டி.ஆர். துணி, அதாவது பாலியஸ்டரும் ரேயானும் கலந்தது, உள்ளே முழு லைனிங்கும் பாலியஸ்டர். போட்டோகிராபர் மாப்பிள்ளையின் நெற்றியைத் துடைக்கவே தனியாக ஆள் வைத்திருக்கிறார். சூட் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தால் டிராபிகல் உல் என்ற மெல்லிய கம்பளித் துணியைக் கேளுங்கள். கம்பளியா என்று சிரிக்காதீர்கள், அது பருத்தியை விட அதிக ஈரம் இழுக்கும், காற்றும் போகும். முதுகுக்கு லைனிங் வேண்டாம், அரை லைனிங் போதும் என்று சொல்லித் தைக்கலாம். என்னைக் கேட்டால் வேட்டிதான். பட்டு வேண்டுமென்றால் சேலம் வெண்பட்டு. தினத்துக்கு 80, 100 கவுண்ட் பருத்தி (கவுண்ட் என்பது நூலின் மெல்லிமைக் கணக்கு), எட்டு முழம். கீழே திறந்த உடை என்பதால் காற்று தானாக மேலேறும், எந்தத் தையற்காரரும் பேண்டில் அதைக் கொண்டுவர முடியாது. நழுவும் பயம் இருந்தால் ஒட்டிக்கோ வேட்டி கட்டுங்கள், கேவலம் ஒன்றும் இல்லை. 2014இல் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே வேட்டி கட்டி வந்ததற்காகச் சென்னையில் ஒரு கிளப் வாசலில் நிறுத்தினார்கள். அடுத்த மாதமே சட்டமன்றம் அதற்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. எனவே இப்போது தமிழ்நாட்டில் எந்தக் கிளப்பும் உங்களைத் தடுக்க முடியாது.

கடைசியாக, எப்போது வாங்குவது. ஆடித் தள்ளுபடியில் ரெடிமேட் சட்டைக் குவியலுக்குள் புகுந்தால் எல்லாரும் கழித்த எக்ஸ்எஸ்ஸும் டபுள் எக்ஸ்எல்லும்தான் கைக்கு வரும். அந்த மாதத்தில் நான் துணியாக வெட்டி வாங்குவேன். துணிக்கு சைஸ் கிடையாது. சென்னையில் கோடவுன் தெருவில் மொத்தக் கடைகள், பனியன் ரகம் என்றால் திருப்பூர் காதர்பேட்டை. வாங்கிய பருத்தியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்திவிட்டுத்தான் தைக்கக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் சலவையில் கை நீளம் மணிக்கட்டை விட்டு ஏறிவிடும். ஆவணிக்குள் தையற்காரரிடம் போய்விடுங்கள். புரட்டாசி பாதியில் பாய் கடை வாசலில் தீபாவளி ஆர்டர் முடிந்தது என்று அட்டை தொங்கும். அதற்கப்புறம் எத்தனை வருடப் பழக்கம் என்று சொன்னாலும் அளவு நாடாவைக் கையில் எடுக்க மாட்டார்.